'கேட்' கணக்கில் கோட்டை விட்டவர்கள் மறுபடி எழுதலாமா?

குப்பனூரில் ஒரு பி.காம் பட்டதாரி. எம்.பி.ஏ படிக்க 'கேட்' எழுதியவர், இங்கிலீஷ் பகுதியில் 92 பர்சன்டைல், கணக்கில் 58 வாங்கியிருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். வீட்டில் இப்போது இரண்டு கட்சி. "கிடைச்ச காலேஜ்ல சேரு" என்கிறார் அப்பா. "இன்னொரு தடவை எழுதட்டுமே" என்கிறார் அம்மா. (இன்ஜினீயர்கள் எம்.டெக்-குக்கு எழுதும் 'கேட்' வேறு. தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்றுபோல இருப்பது பெரிய தொல்லை!)

தேர்வு மையம் சேலத்திலேயே உண்டு என்பதால் அலைச்சல் இல்லை. வயது வரம்பு, இத்தனை முறைதான் என்ற கணக்கும் கிடையாது. ஆனால், கேட் வருடத்துக்கு ஒரே முறை, நவம்பரில். அந்த மதிப்பெண்ணும் அடுத்த ஆண்டு அட்மிஷனோடு காலாவதி. வெளிநாட்டு பிசினஸ் ஸ்கூல்கள் கேட்கும் ஜிமேட்டில் 16 நாள் கழித்து மறுபடி எழுதலாம். மதிப்பெண் 5 ஆண்டுகள் செல்லும். கேட்டில் மறுபடி எழுதுவது என்றால் ஒரு வருடத்தைப் பணயம் வைப்பது.

'இங்கிலீஷில் அள்ளிவிட்டால் கணக்கைச் சமாளிக்கலாம்' என்ற நினைப்புதான் பலரைக் கவிழ்க்கிறது. மொத்தம் 120 நிமிடம். மூன்று பகுதிகளுக்கும் தலா 40 நிமிடம். ஒன்றில் மிச்சப்படுத்திய நேரத்தை இன்னொன்றுக்குக் கொண்டுபோக முடியாது. பல ஐ.ஐ.எம்-கள் ஒவ்வொரு பகுதிக்கும் தனித்தனியே குறைந்தபட்ச பர்சன்டைல் கேட்கின்றன. ஆகவே, கணக்கு மட்டும் காலை வாரியிருந்தால் மறுபடி எழுதுவதில் அர்த்தம் இருக்கிறது. மூன்றுமே சுமார் என்றால், யோசிக்க வேண்டும்.

கணக்கில் எல்லாவற்றையும் போட்டாக வேண்டும் என்பதில்லை. 2024 கேட்டில் இந்தப் பகுதியில் 22 கேள்விகள். சரியான விடைக்கு 3 மதிப்பெண். நான்கில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் கேள்வியில் தப்பு விட்டால் 1 போய்விடும். அப்படிப்பட்ட கேள்விகளில் 14-ஐத் தொட்டு 8 சரி, 6 தப்பு என்றால் 18 மதிப்பெண். அதே ஆள் 10-ஐ மட்டும் தொட்டு 8 சரி, 2 தப்பு என்றால் 22! கூடுதலாக ஒரு ஃபார்முலாவும் படிக்காமல் 4 மதிப்பெண் ஏறிவிட்டது. விடையை நாமே டைப் செய்யும் கேள்விகளுக்கு மைனஸ் கிடையாது; அவற்றைத் தைரியமாக முயலலாம்.

தேர்வு முடிந்ததும் நாம் அளித்த விடைகளையும் சரியான விடைகளையும் இணையதளத்தில் வெளியிடுவார்கள். கோச்சிங் சென்டருக்குப் பணம் கட்டுவதற்கு முன்பு அதை எடுத்துவைத்து, தப்பான ஒவ்வொரு கேள்விக்கும் காரணம் எழுதிப் பாருங்கள். சதவிகிதம், விகிதம், நேரமும் வேலையும் போன்ற பள்ளிக்கூடக் கணக்குகளே தெரியவில்லையா, தெரிந்தும் கூட்டலில் சறுக்கியதா, தொட்டிருக்கவே கூடாத கேள்வியா? முதல் ரகம் என்றால் பல மாத உழைப்பு தேவை. மற்ற இரண்டும் மாதிரித் தேர்வுகளிலேயே சரியாகும்.

பத்தாவது, பிளஸ் டூ, டிகிரி மதிப்பெண்களையும் ஐ.ஐ.எம்-கள் பார்க்கும், அவற்றை இனி மாற்ற முடியாது. வேலை அனுபவத்துக்குப் பல இடங்களில் மதிப்பெண் உண்டு என்பதால், வேலையில் இருப்பவர்கள் அதை விடாமல் எழுதுவதே நல்லது. அண்ணா பல்கலைக்கழகத்தின் டான்செட் தேர்வையும் எழுதிவைத்தால், தமிழ்நாட்டுக் கல்லூரிகளுக்கான கதவு திறந்தே இருக்கும்.

கேட் விண்ணப்பம் வழக்கமாக ஆகஸ்ட்டில் தொடங்கி செப்டம்பரில் முடிந்துவிடும். அப்பா, அம்மா பஞ்சாயத்தை அதற்குள் முடித்துக்கொள்ளுங்கள்.