நோக்குவோன் யார்?

குவாண்டம் பௌதிகம் பொருள்முதல்வாதத்தைப் பொய்ப்பித்துவிட்டது என வாதிடுவோர் கலைப்பீடங்களிலே குறைவாக இல்லை. அளக்கப்படுமுன் பல சாத்தியங்களின் மேற்பொருந்திய நிலையிலுள்ள துணிக்கை, அளக்கப்பட்டதும் அவற்றுள் ஒன்றாகவே காணப்படுகின்றது. எனவே நோக்குவோனின் மனமே உலகை ஆக்குகின்றது என்பர் இவர்கள். ‘நோக்குவோன்’ என்ற சொல்லே இம்மயக்கத்தின் மூலவேராகும்.

ஆய்வுகூடத்திலே நோக்குவது யாது? 2001ஆம் ஆண்டில் மொஸ்கோவைச் சேர்ந்த கோல்ட்ஸ்மனும் சகாக்களும் அறிவித்த மீகடத்தி நனோகம்பி உணரியை உதாரணமாகக் கொள்ளலாம். நயோபியம் நைத்திரைட்டினாலான அக்கம்பி 5 நனோமீற்றர் தடிப்பும் 200 நனோமீற்றர் அகலமும் உடையது. ஏறத்தாழ 4 கெல்வினுக்குக் குளிரூட்டப்படும்போது அது தடையின்றி மின்னைக் கடத்தும். அது தாங்கும் எல்லைக்குச் சற்றே குறைந்த மின்னோட்டம் அதனூடே செலுத்தப்படும். அந்நிலையில் ஒரேயொரு போட்டன் உறிஞ்சப்படினும், சோடியாக இணைந்திருந்த இலத்திரன்கள் பிரிகின்றன, கம்பியின் ஒரு பகுதி மீகடத்தும் தன்மையை இழக்கின்றது, தடை தோன்றுகின்றது, மின்துடிப்பொன்று எழுகின்றது. அத்துடிப்பே அளவீடு. ஆய்வாளர் உறங்கினும் அது பதிவாகும். படிக்கப்படும்வரை அப்பதிவும் இல்லையென ஒருவர் கூறலாம். ஆனால் அது அவரது தத்துவமேயன்றி ஆய்வுகூடத்தின் முடிபன்று.

2015இல் அமெரிக்காவின் போல்டர் நகரில் இத்தகைய உணரிகளைக் கொண்டு பெல் சோதனை நடத்தப்பட்டது. துணிக்கைகளின் பண்புகள் முன்னரே நிர்ணயிக்கப்பட்டவை, ஒளியை விஞ்சி எச்செல்வாக்கும் பரவாது என்னும் இரு கொள்கைகளும் ஒருங்கே நிலைக்கமாட்டா என்பதை அது வலியுறுத்திற்று. பழைய இயந்திரப் பொருள்முதல்வாதம் இதனால் தளர்ந்தது உண்மையே. எனினும் மனத்தைப் பற்றி அச்சோதனை எதுவுமே கூறவில்லை.

பல சாத்தியங்களுள் ஒன்று மட்டும் நிகழ்வது ஏன் என்ற வினாவுக்கு இன்னும் ஒருமித்த விடை இல்லை. 1961இல் உணர்வுக்கு அங்கு இடமளித்த விக்னரே பின்னர் அக்கருத்தைக் கைவிட்டார். விடை காணப்படாமை வேறு. மனமே விடை என்று துணிதல் வேறு.

இது வெறுஞ் சொற்போரன்று. உள்ளவை யாவும் மனத்தோற்றமே எனின், பசியும் ஒடுக்குமுறையும் தோற்றங்களே ஆகிவிடும். அவற்றை மாற்ற முயல்வோரின் உழைப்பும் பொருளற்றதாகும். ஆதாரமின்றி நூலொன்றின் காலத்தை நிர்ணயிப்போரைக் கண்டிக்கும் தமிழ் ஆய்வுலகு, ஆதாரமின்றிப் பௌதிகத்தைச் சாட்சிக்கு அழைப்போரையும் கண்டித்தல் வேண்டும்.