பட்டியல் இருக்கட்டும், பாலம் போடுவோம்

நம் இயக்கங்களில் நூல் பட்டியலைக் கணினியில் ஏற்றும் பேச்சு வந்தாலே இரண்டு கட்சிகள் உருவாகிவிடுகின்றன. எல்லாம் மைஎஸ்கியூஎல் அட்டவணையில் இருந்தால் போதும் என்பது ஒரு கட்சி. அட்டவணையைத் தூக்கி எறிந்துவிட்டு அனைத்தையும் இணைப்புத் தரவாக மாற்றுவோம் என்பது மற்றது. இரண்டாம் கட்சியின் ஆசை எனக்கும் உண்டு. அவர்கள் சொல்லும் வழியில்தான் எனக்கு உடன்பாடில்லை.

எட்கர் காட் 1970இல் முன்வைத்த தொடர்புத் தரவுத்தளம், யார் எந்த நூலை எடுத்தார், எப்போது திருப்பித் தந்தார் என்ற கணக்குக்கு இன்றும் சிறந்தது. இணைப்புத் தரவின் பலம் வேறு. ஒவ்வோர் ஆளுக்கும் நூலுக்கும் ஓர் இணைய முகவரி தந்து, 'இவர் – எழுதினார் – இந்நூல்' என்று மும்மையாகச் சேமிப்பதால் உலகின் வேறு தரவுகளோடு அது ஒட்டிக்கொள்கிறது. 2012இல் தொடங்கிய விக்கித்தரவு நாம் அறிந்த எடுத்துக்காட்டு.

இப்போது ஒரு கேள்வி. மலாயா விடுதலைக்கு முன் இதழாசிரியராக இருந்தவர்களின் நூல்களில் எவை இன்று நம் அலமாரியில் இரவல் போகாமல் இருக்கின்றன? முதல் பாதி வெளித்தரவில் தேடவேண்டியது. மறுபாதி நம் அட்டவணையில். வழக்கமாக யாராவது ஒரு தம்பி இரண்டையும் எக்செல்லில் நகலெடுப்பார். மறுநாளே யாரோ ஒரு நூலை எடுத்துப்போவார், நகல் பழசாகிவிடும்.

நகலே வேண்டாம். எந்த நெடுவரிசை எதைக் குறிக்கிறது என்று ஒரு பொருத்துக் கோப்பில் எழுதினால் போதும். அதற்கான ஆர்2ஆர்எம்எல் மொழி 2012இலேயே தரமாகிவிட்டது. இத்தாலியின் போல்சானோ பல்கலைக்கழகத்தில் உருவான ஆன்டாப் என்ற மென்பொருள், ஸ்பார்க்கிள் கேள்வியை அந்தக் கோப்பின்படி எஸ்கியூஎல் ஆக்கி அட்டவணையிடம் கேட்கும். தரவு இருந்த இடத்திலேயே இருக்கும். 2013இல் வந்த ஸ்பார்க்கிள் 1.1, ஒரே கேள்வியின் ஒரு பகுதியை ஆன்டாப்புக்கும் இன்னொன்றை விக்கித்தரவுக்கும் அனுப்ப வழிசெய்தது. வேகத்தை மட்டும் பெரிதாக எதிர்பார்க்காதீர்கள். விக்கித்தரவின் வினவல் சேவை ஒரு கேள்விக்கு 60 விநாடிதான் தரும்.

உண்மையான தலைவலி பெயர்தான். 1935இல் தமிழ் முரசைத் தொடங்கிய கோ. சாரங்கபாணி ஆங்கிலப் பட்டியல்களில் 'ஜி' ஆகிவிடுகிறார். (தமிழ்ப்பள்ளியில் ஒரு பெயரும் இடைநிலைப்பள்ளியில் வேறு எழுத்துக்கூட்டலுமாக வளர்ந்த நமக்கு இது புதிதா?) அதைவிட வேடிக்கை, யூனிகோடில் 'கோ'வின் உயிர்க்குறியை ஒரே குறியீடாகவும் எழுதலாம், இரட்டைக்கொம்பு, கால் என இரண்டாகவும் எழுதலாம். கண்ணுக்கு ஒன்றுதான், சீர்படுத்தாமல் ஒப்பிடும் கணினிக்கு இரண்டு பேர். இதைச் சீர்படுத்த ஒரு வரி நிரல் போதும். ஆனால் 'ஜி'யும் 'கோ'வும் ஒருவரே என்று துணிந்து சொல்ல, தமிழும் இந்நாட்டு இதழ் வரலாறும் தெரிந்த ஒருவர் உட்கார்ந்து, பெயர் பெயராக விக்கித்தரவு எண்ணைச் சேர்க்கவேண்டும். அந்த வேலையை வெளியார் யாரும் நமக்காகச் செய்யப்போவதில்லை.

ஆகவே கணினித்துறை நண்பர்கள் இறுதியாண்டுத் திட்டமாகப் பொருத்துக் கோப்பை எழுதட்டும். தமிழியல் நண்பர்கள் பெயர்களை எடுத்துக்கொள்ளட்டும். முதலில் நம் பழைய ஆண்டிதழ்களின் பொருளடக்கத்திலிருந்து தொடங்கலாம். உறுப்பினர்களின் அடையாள அட்டை எண்ணும் கைப்பேசி எண்ணும் வெளியே போய்விடுமோ என்று முன்னாள் மாணவர்கள் அஞ்சவேண்டாம். அந்த நெடுவரிசைகளைப் பொருத்துக் கோப்பில் எழுதப்போவதே இல்லை.