புளியமரம் வரை போகாத செய்தி

காட்பாடியிலிருந்து திருப்பதிக்கு ரயிலில் போகிறவர்களுக்கு பாகாலா ஒரு சந்திப்பு நிலையம், அவ்வளவுதான். சென்னையின் வானிலை ஆர்வலர்களுக்கோ அது கண் வைக்க வேண்டிய திசை. சித்தூர், திருத்தணிப் பக்கம் பிற்பகலில் எழும் இடிமேகங்கள், மேல்காற்று மேற்கிலிருந்து வீசினால், இரவுக்குள் சென்னையை எட்டிப்பார்க்கக்கூடும். ‘இன்றைக்கு வருமா?’ ரேடார் படத்தை வைத்துக்கொண்டு அவர்கள் நடத்தும் வாதம் இதுதான்.

கணக்கு எளிது. தரையில் சூடு, கடற்காற்றில் ஈரம், உயரத்தில் குளிர். மூன்றும் கூடினால் பலத்த இடிமழைக்கு வாய்ப்பு உண்டு. ஆனால் எந்த ஊரில், எத்தனை மணிக்கு என்று காலையிலேயே யாராலும் சொல்ல முடியாது. உலை கொதிக்கும் என்று சொல்லலாம். முதல் குமிழி எங்கே கிளம்பும் என்று சொல்ல முடியுமா?

இத்தனைக்கும், பாகாலா மண்டலத்து காதங்கி கிராமத்தில்தான் விண்வெளித் துறையின் தேசிய வளிமண்டல ஆராய்ச்சிக் கூடம் இருக்கிறது. மேகத்துக்குள் காற்று மேலேறும் வேகத்தையே அளக்கும் அதன் ரேடாரில் 1,024 ஆன்டெனாக்கள். ஆனால் அதன் வேலை ஆராய்ச்சி. எச்சரிப்பது வானிலைத் துறையின் பொறுப்பு. மூன்று மணி நேரத்துக்கான முன்னறிவிப்பை மாவட்டவாரியாக அது வெளியிடுகிறது. புனேயின் வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனம் கொண்டுவந்த ‘தாமினி’ செயலி, சுற்றுவட்டாரத்தில் மின்னல் விழும் வாய்ப்பை அரை மணி, முக்கால் மணி முன்னதாகச் சொல்கிறது.

யாரிடம் சொல்கிறது என்பதுதான் கேள்வி. ஒரே மேகம் சென்னைக்காரருக்குப் புழுக்கம் தணியும் சந்தோஷம். சித்தூர் மாந்தோப்புக்காரருக்குக் காய் உதிரும் நஷ்டம். ஆடு மேய்ப்பவருக்கு உயிர்ப் பிரச்சினை. தேசிய குற்ற ஆவணக் காப்பகக் கணக்குப்படி 2022இல் மட்டும் நாட்டில் மின்னலுக்குப் பலியானவர்கள் 2,887 பேர்.

மழைக்கு மரத்தடியில் ஒதுங்குவது பழக்கம். மின்னலுக்கு அதைவிட ஆபத்தான இடம் குறைவு. இடி காதில் விழுந்தாலே மின்னல் எட்டும் தூரத்தில்தான் இருக்கிறது. உடனே கட்டிடத்துக்குள் போய்விட வேண்டும். கடைசி இடி ஓய்ந்து அரை மணி நேரம் வெளியே வரக்கூடாது. இதற்குச் செயலி வேண்டாம், ரேடார் வேண்டாம். ‘வருமா, வராதா’ வாதத்தில் கிடைக்கும் முக்கால் மணி நேரம் புளியமரத்தடிக்கும் போய்ச் சேர்ந்தால்தான் முன்னறிவிப்பு. இல்லாவிட்டால் அது பொழுதுபோக்கு.