எந்திரத்தின் அருகே ஒரு துபாஷி

நூற்பாலையில் ஒரு மோட்டார் ஓடுகிறது. உள்ளே பேரிங் தேய்ந்துவிட்டது. அதிர்வு கூடுகிறது, சூடு ஏறுகிறது.

அனுபவம் உள்ள மேஸ்திரி என்ன செய்வார்? திருப்புளியின் நுனியை மோட்டார் மீது ஊன்றி, பிடியைக் காதில் வைப்பார். "இது ரொம்ப நாள் தாங்காது" என்று சொல்லிவிடுவார்.

அந்த வேலையை இன்று இரவும் பகலும் ஒரு சிறு பெட்டி செய்கிறது. "எட்ஜ் கேட்வே" என்று அதற்குப் பெயர். எட்ஜ் என்றால் விளிம்பு. கேட்வே என்றால் வாசல்.

ஏன் அருகிலேயே?

எல்லா விவரத்தையும் தொலைவில் உள்ள பெரிய கம்ப்யூட்டருக்கு அனுப்பினால் என்ன?

கணக்குப் பாருங்கள். அதிர்வை வினாடிக்கு 10 ஆயிரம் தடவை அளந்தால், ஒரு நாளைக்கு 86 கோடியே 40 லட்சம் எண்கள். அதுவும் ஒரே ஒரு மோட்டாருக்கு!

ஊரில் நடப்பதை எல்லாம் கிராம அதிகாரி கலெக்டருக்கு எழுதுவது இல்லை. முக்கியமானதையே எழுதுகிறார். பெட்டியும் அப்படித்தான். அங்கேயே கணக்குப் போட்டு, சுருக்கத்தை அனுப்புகிறது. இணையம் அறுந்தால், சேர்த்து வைத்துப் பிறகு அனுப்பும்.

பழையதை விற்க வேண்டாம்

இந்தப் பெட்டி ஒரு துபாஷியும் ஆகும். எந்திரங்கள் பேசும் "மோட்பஸ்" என்ற மொழி 1979-ல் வந்தது. தொலைவுக்குச் செய்தி சொல்லும் "எம்.கியூ.டி.டி." 1999-ல், எண்ணெய்க் குழாய்களைக் கண்காணிக்க உருவானது. முன்னதைப் பின்னதாக மொழிபெயர்ப்பது பெட்டியின் வேலை.

மொழியே தெரியாத பழைய எந்திரமா? வெளியே ஓர் உணர்கருவியைப் பொருத்தினால் போதும்.

ஆகவே, சிறு பட்டறைக்காரர்கள் மலைக்க வேண்டாம். எது நின்றால் பட்டறையே நிற்குமோ, அந்த ஓர் எந்திரத்தில் தொடங்குங்கள். நன்றாக ஓடும்போது எப்படி இருக்கிறது என்று சில வாரம் பதிவு செய்யுங்கள். அதன் பிறகே எச்சரிக்கை மணிக்கு எல்லை வையுங்கள். பஞ்சுத் தூசியும் சூடும் படாத மூடிய பெட்டிக்குள் அதை வையுங்கள்.

இரண்டு எச்சரிக்கை

ஒன்று: ஆபத்தில் எந்திரத்தை நிறுத்தும் சிவப்புப் பொத்தானை இந்தப் பெட்டியை நம்பி விடக்கூடாது. அதற்குத் தனிக் கம்பி வேண்டும். அது தொழிலாளியின் உயிர்.

இரண்டு: கடவுச் சொல். 2016-ல் "மிராய்" என்ற நாச நிரல், தொழிற்சாலையில் வைத்த கடவுச் சொல்லையே மாற்றாத லட்சக்கணக்கான கருவிகளுக்குள் புகுந்தது. வாசல் என்று பெயர் இருப்பதற்காகத் திறந்து போடலாமா? வந்த அன்றே மாற்றுங்கள்.

கடைசியாக முதலாளிகளுக்கு ஒரு வார்த்தை. பெட்டி வந்துவிட்டது என்று மேஸ்திரியை அனுப்பிவிடாதீர்கள். எது நல்ல சத்தம், எது கெட்ட சத்தம் என்று பெட்டிக்குச் சொல்லித் தர அவர் வேண்டும். பெட்டி மணி அடிக்கும். ஸ்பானரை எடுக்க மனிதன்தான் வரவேண்டும்!