வீட்டலங்காரமும் ஆளுமையும்: ஒரு மறுப்பு

வீட்டைப் பார்த்தால் வீட்டுக்காரரை அறிந்துகொள்ளலாம் என்றொரு கருத்து நம்மவரிடையே பெருஞ்செல்வாக்குப் பெற்றுவிட்டது. தளபாட விற்பனையாளரும் வார இதழ்களின் மகளிர் பக்கங்களும் இதனை ஓதுவதில் வியப்பில்லை. விற்பது அவர்கள் தொழில். ஆனால் பல்கலைக்கழக மாணவரும், சில வேளைகளில் விரிவுரையாளருங்கூட, திரைச்சீலையின் நிறத்திலிருந்து ஒருவரது மனப்பாங்கையும், வரவேற்பறைக் கதிரையின் வடிவிலிருந்து அவரது ரசனையின் தரத்தையும் தீர்மானிக்க முற்படும்போது வாளாவிருத்தல் இயலாது. இக்கருத்துப் பிழையானது மட்டுமன்று, அநீதியானதுமாகும்.

ஆளுமையைச் சுவரில் வெளிப்படுத்துவதற்கு முதலில் சுவர் சொந்தமாக இருத்தல் வேண்டும். வெள்ளவத்தையில் காலி வீதிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட ஒழுங்கைகளிலே கடந்த சில தசாப்தங்களில் எழுந்த தொடர்மாடிகளுள் வாடகைக்கு இருப்போர் எத்தனை பேர் என்பதை அங்கு வாழ்வோர் அறிவர். நாங்கள் இருந்த வீடொன்றின் உரிமையாளர், முற்பணத்தைப் பெறுமுன் விதித்த முதல் நிபந்தனை, சுவரில் ஆணி அடிக்கக்கூடாது என்பதாகும். சுவாமிப்படங்கள் ஈராண்டுகள் மேசைமீது சாய்ந்தபடியே இருந்தன. அதனைக் கண்ணுற்ற விருந்தினர் ஒருவர், அம்மாவுக்கு வீட்டை ஒழுங்குபடுத்தும் நாட்டமில்லை என முடிவுகட்டினார்.

வாடகை ஒரு காரணமெனில், அச்சம் மற்றொன்று. 1983 ஜூலையில் கொழும்புத் தமிழரின் வீடுகள் எரிந்தபோது அவர்தம் அலுமாரிகளும் நூல்களும் குடும்பப் படங்களும் சேர்ந்தே எரிந்தன. 2007 ஜூன் 7ஆம் திகதி, கொழும்பின் விடுதிகளில் தங்கியிருந்த 300க்கும் மேற்பட்ட தமிழர் பொலிசாரால் பேருந்துகளில் ஏற்றி வெளியேற்றப்பட்டனர். மறுநாள் உயர் நீதிமன்றம் தலையிட்டுத் தடையுத்தரவு வழங்கிற்று. எந்நேரமும் எழுந்து செல்ல நேரிடலாமென எண்ணி வாழ்ந்த ஒரு தலைமுறை, பெட்டிகளைக் கட்டிலின் கீழிருந்து எடுக்காமலே நாட்களைக் கழித்தது. அவ்வறைகளின் வெறுமையை ரசனை வறட்சியென்பவர் வரலாறு அறியாதவர்.

இனி, நம் அறிவாளர் மிகவும் எள்ளி நகையாடும் பொருளுக்கு வருவோம். அது வரவேற்பறையின் கண்ணாடி அலுமாரி. பிளாஸ்டிக் பூக்கள், தேநீர் ஊற்றப்படாத கோப்பைகள், உறை கழற்றப்படாத பொம்மை, பாரிசின் ஈபெல் கோபுரம் விரல் நீளத்தில்! சிரிப்பதற்கு எளிதுதான். ஆயின் அவ்வலுமாரியை நிரப்பியது யார்? 1970 முதல் 1977 வரை இறக்குமதிக் கட்டுப்பாடுகள் இறுகியிருந்தன. 1977இல் பொருளாதாரம் திறந்துவிடப்பட்டதும், அதுவரை காணாத வெளிநாட்டுப் பொருள்கள் கடைகளில் குவிந்தன. 1979இல் சுயாதீனத் தொலைக்காட்சியும் 1982இல் ரூபவாஹினியும் தொடங்கப்பட்டபின், கதிரைகளெல்லாம் ஒரே திசைக்கு முகந்திரும்பின. இதுவும் தனிமனித ஆளுமையோ? 1983க்குப் பின் பிள்ளைகள் பாரிசுக்கும் ரொறன்ரோவுக்கும் இலண்டனுக்கும் சிதறினர். அலுமாரியில் உள்ள கோபுரம் மகன் அனுப்பியது. கோப்பைகள் மருமகள் கொணர்ந்தவை. பட்டமளிப்புப் படத்திலுள்ள பேர்த்தியைப் பாட்டி நேரிற் கண்டதில்லை. அது அழகுப் பொருள்களின் காட்சியன்று, இல்லாதவர்களின் இடாப்பு. அதற்கு ரசனைப் புள்ளியிட முனைவது, இறப்புப் பதிவேட்டின் கையெழுத்து அழகில்லையென்பதை ஒக்கும்.

கொட்டாஞ்சேனையில் நிலைமை சற்று வேறு. அங்கு நெருக்கமான சிறுவீடுகளின் சுவர்களில் இயேசுவின் திருஇருதயப் படத்தின் கீழ்ச் சிவப்பு மின்குமிழ் எரியும். அடுத்த வாசலிலே நாட்காட்டியிலிருந்து வெட்டிச் சட்டமிட்ட முருகன் இருப்பார். ரவிவர்மா 1894இல் பம்பாயில் நிறுவிய அச்சகமும், பின்னர் சிவகாசியின் அச்சகங்களும் கடவுளரை ஏழையின் சுவருக்குக் கொணர்ந்தன. அப்படங்களைத் தாழ்ந்த கலையென்போர், அவற்றின்முன் விளக்கு ஏற்றப்படுகிறது என்பதை மறந்துவிடுகின்றனர்.

மறுபுறம், உயர்ந்த ரசனையென்று போற்றப்படுவது யாது? கறுவாத்தோட்டத்து மாளிகைகளில் உரல் பூச்சாடியாகிறது. கிராமத்து நாற்சார் வீட்டின் கதவு மேசையாகிறது. குத்துவிளக்குத் திரியின்றி மூலையில் நிற்கிறது. ஜெப்ரி பாவாவின் பகதலே வீதி வீட்டைக் கண்டு வியந்தோர், அங்கிருந்த கட்டடக் கலைஞனின் நுண்ணறிவை விடுத்து, பழந்தூண்களை மட்டும் விலைக்கு வாங்கலாயினர். 1877இல் கொழும்பிற் பிறந்த ஆனந்த குமாரசுவாமி, 1939இல் வெளிவந்த தமது கட்டுரையொன்றில், அலங்காரம் என்னுஞ் சொல்லின் வேரான அலம் என்பது போதுமை, நிறைவு என்ற பொருளுடையதெனக் காட்டினார். ஒரு பொருள் தன் தொழிலைச் செய்வதற்கு வேண்டுவதே அதன் அணி, மேலே பூசுவதன்று. இவ்வளவுகோலின்படி நோக்கின், கொட்டாஞ்சேனையின் சிவப்பு மின்குமிழ் அலங்காரம். கறுவாத்தோட்டத்தின் எரியாத குத்துவிளக்கு வெறுஞ் சாமான்.

ஏழையும் தனக்குப் பிடித்ததைத்தானே தெரிகிறான் என்று சிலர் வினவக்கூடும். தெரிகிறான், எதிலிருந்து தெரிகிறான் என்பதே வினா. பிரெஞ்சுச் சமூகவியலாளர் பியர் பூர்தியூ, 1960களில் 1,217 பேரிடம் நடத்திய ஆய்வின் அடிப்படையில் 1979இல் வெளியிட்ட நூலில், தளபாடத் தெரிவுகூட வர்க்கத்தோடும் கல்வியோடும் பிணைந்திருப்பதை நிறுவினார். தனிப்பட்டதென நாம் பெருமை கொள்ளும் ரசனை, பெரும்பாலும் பிறந்த வீடும் கற்ற பாடசாலையும் நமக்கு ஊட்டியது. பிரான்சு வரை செல்வானேன்? 2022இன் நெருக்கடியில் பல பொருள்களின் இறக்குமதி நிறுத்தப்பட்டபோது, கொழும்பின் எத்தனை வீடுகளின் ஆளுமை ஒரே மாதத்தில் மாறிற்று!

இது வெறும் சொல்லாராய்ச்சியன்று. பெண் பார்க்க வருவோர் வரவேற்பறையை நோட்டமிட்டே சீதனப் பேச்சைத் தொடங்குகின்றனர். வாடகைக்கு வீடு தேடிச் செல்லும் வன்னியாரிடமும் மலையகத்தாரிடமும், முன்பிருந்த வீட்டை எப்படி வைத்திருந்தீர்கள் என்றே முதலிற் கேட்கின்றனர். ரசனை என்ற நாகரிகமான சொல்லால் இங்கே அளக்கப்படுவது பணமும் ஊரும் சாதியுமே.

தெரிவு அறவே இல்லையென நான் சாதிக்கவில்லை. வெள்ளவத்தைத் தொடர்மாடிகளின் பின்புறத்தை அண்ணாந்து நோக்குக. ஐந்தாம் மாடியின் ஒடுங்கிய பல்கணியிலே, வெறும் பூச்சுத் தகரங்களில் துளசியும் கறிவேப்பிலையும் கடற்காற்றின் உப்பைத் தாங்கி நிற்கும். அவற்றை எவரும் வைக்கச் சொல்லவில்லை. எந்த விருந்தினருக்காகவும் வைக்கப்படவுமில்லை. ஆளுமையைத் தேடி வருவோரை நாம் அங்கே அழைத்துச் செல்வதில்லை, துணி காய்கிறது என்பதனால்.