கேட்டில் ஒட்டிய நோட்டீஸ்



தனிமைப்படுத்தல் நோட்டீஸ் ஒட்டிய வீட்டைப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப் குரூப்பில் போடும் வேலையை நம்ம சீனன்குடாவில் நிறுத்துவோம்.

2020இல் நம்மவர்கள் காய்ச்சலை மறைத்ததற்கு ஒரு காரணம் இருந்தது. 2020 ஏப்ரலில் வந்த வர்த்தமானி ஜனாஸாக்களை எரிக்கச் சொன்னது. பிறந்து 20 நாளான பிள்ளையைக்கூட எரித்தார்கள். யாருக்குத்தான் பயம் வராது? 2021 பெப்ரவரியில் அது மாறியது. அதன் பிறகு 2021இல் ஓட்டமாவடி மஜ்மா நகரில் அடக்கினோம், அல்ஹம்துலில்லாஹ். ஆனாலும் மறைக்கிறார்கள். இப்போது அவர்கள் பயப்படுவது நமக்கு.

மூச்சு முட்டிய பிறகு 1990க்குக் கோல் எடுப்பதைவிட, காய்ச்சல் கண்டதுமே சொல்ல வைப்பது நம் கையில்தான் இருக்கிறது.

கடலுக்கும் கூலிக்கும் போகாமல் அடைந்திருக்கும் வீட்டில் அரிசி எத்தனை நாளைக்கு? மரக்கறிப் பையைக் கேட்டில் தொங்கவிட்டுக் கோல் எடுத்துச் சொல்லுங்கள். பள்ளிவாசல் நிர்வாகமும் பொதி கொடுக்கும்போது போட்டோ எடுக்க வேண்டாம்.

ஒரே போனில் மூன்று பிள்ளைகள் படிக்கும் வீடுகள் ஆசிரியர்களான எங்களுக்குத் தெரியும். அவர்களுக்குப் பாடத்தை வொய்ஸ் மெசேஜாக அனுப்புகிறோம். சூமைவிட டேட்டா குறைவு.