பழமரத்தின் நீர்ச்செலவும் நண்பகல் நிழலும்

மாந்தோப்புக்கோ எலுமிச்சைத் தோப்புக்கோ சொட்டுநீர்ப் பாசனத்தைத் திட்டமிடும் எவரும் முதலில் விடை காண வேண்டிய கேள்வி, ஒரு மரம் ஒரு நாளில் எவ்வளவு நீரைச் செலவிடுகிறது என்பதே. நடைமுறையில் அதற்குத் தரப்படும் விடை, மரத்தின் பெயரைக் கொண்டு அட்டவணையிலிருந்து எடுக்கப்படும் ஒரு குணகத்தையே பெரும்பாலும் சார்ந்திருக்கிறது. அக்குணகத்தை மர இனத்துக்கே உரிய மாறாத எண்ணாகக் கொள்வதுதான் கணக்கீட்டின் பெரும்பிழைகளுக்கு மூலம். விதானம் நிலத்தில் எவ்வளவு பங்கை மூடுகிறது, மரங்களுக்கு இடையிலான தரை வெறுமையாக இருக்கிறதா பசுமையாக இருக்கிறதா, பாசனம் மண்ணில் எவ்வளவு பரப்பை நனைக்கிறது என்பவற்றைப் பொறுத்து அது தோப்புக்குத் தோப்பு, ஒரே தோப்பில் ஆண்டுக்கு ஆண்டு மாறும்.

கணக்கீட்டு முறையின் அடிப்படை எளிது. நீர்க்குறையின்றி நிலம் முழுவதையும் மூடி வளரும் 12 செ.மீ. உயரப் புற்பரப்பு, மண்ணிலிருந்து ஆவியாவதும் இலைகளின் வழி வெளியேறுவதும் சேர்த்து, ஒரு நாளில் இழக்கும் நீரை ‘ஒப்பீட்டு நீர்ச்செலவு’ எனலாம். அது வெயில், வெப்பம், காற்று, ஈரப்பதம் ஆகிய வானிலை அளவுகளிலிருந்து, பென்மன் 1948இல் வகுத்து மான்டீத் 1965இல் விரிவாக்கிய சமன்பாட்டின் வழி கணிக்கப்படுகிறது. அதைப் பயிர்க் குணகத்தால் பெருக்கினால் பயிரின் நீர்ச்செலவு கிடைக்கும். ஐ.நா. உணவு வேளாண்மை அமைப்பு 1998இல் வெளியிட்ட 56ஆம் பாசன வடிகால் ஏடு இம்முறையை உலகெங்கும் நிலைப்படுத்தியது. அவ்வேட்டின் குணக அட்டவணையில் வாழை உண்டு, எலுமிச்சை இனங்கள் உண்டு, ஆலிவ் உண்டு, மா இல்லை. இந்திய மாந்தோப்புகளைப் பொறுத்தவரை இது சிறிய குறையன்று.

அட்டவணையில் உள்ள பயிர்களுக்கும் ஒரே எண் தரப்படவில்லை என்பது போதிய கவனம் பெறுவதில்லை. எலுமிச்சை இனங்களுக்கான வரிசையே இதைக் காட்டும். களை நீக்கப்பட்டு வெறுந்தரையாக உள்ள தோப்பில், விதானம் 70 விழுக்காடு நிலத்தை மூடும்போது பருவ நடுவில் குணகம் 0.65, 20 விழுக்காடு மட்டும் மூடும் இளந்தோப்பில் 0.45. தரையில் மூடுபயிரோ களையோ செழித்திருந்தால் நிலைமை தலைகீழாகிறது: முதிர்ந்த தோப்புக்கு 0.70, இளந்தோப்புக்கோ 0.85. அதாவது, இளந்தோப்பில் களைகளை வளரவிடும் விவசாயி முதிர்ந்த தோப்பு செலவிடுவதைவிட மிகுதியான நீரை இழக்கிறார். அதில் பெரும்பகுதி மரத்துக்குச் சேர்வதில்லை. ‘எலுமிச்சையின் குணகம் என்ன?’ என்ற கேள்விக்கு, தோப்பைப் பார்க்காமல் விடை சொல்ல முடியாது.

தோப்பை அளப்பதற்கான மிக எளிய வழி நண்பகல் நிழல். கலிபோர்னியாவின் பார்லியர் நகருக்கு அருகிலுள்ள கியர்னி வேளாண் ஆய்வு மையத்தில், வளரும் கொடியை மண்ணோடு சேர்த்து எடைபோட்டு நீரிழப்பை அறியும் எடைத் தொட்டியில் திராட்சையை ஆராய்ந்த வில்லியம்சும் அயர்சும், குணகம் நண்பகல் நிழற்பரப்போடு நேர்விகிதத்தில் உயர்வதை 2005இல் காட்டினர். நிழல் ஒரு விழுக்காடு கூடும்போது குணகம் ஏறத்தாழ 0.017 கூடியது. 2009இல் ஆலனும் பெரேராவும், எந்தப் பயிருக்கும் விதானப் பங்கையும் உயரத்தையும் கொண்டு குணகத்தைக் கணிக்கும் வழியை வகுத்தபோது, நிழற்பங்கின் ஒன்றரை முதல் இரண்டு மடங்கு வரையிலான மதிப்பை மேல் எல்லையாக வைத்தனர். நிழற்பரப்பைவிட நீர்ச்செலவு மிகுதியாக இருப்பதற்குக் காரணம் உண்டு: தனித்து நிற்கும் மரத்தின் பக்கங்களிலும் காலை மாலை வெயில் விழுகிறது, காற்று விதானத்தின் ஊடே புகுகிறது, காய்ந்த வெறுந்தரையிலிருந்து எழும் வெப்பமும் இலைகளைத் தாக்குகிறது.

எண்களில் வைத்துப் பார்த்தால் இதன் கனம் புரியும். 10 மீட்டருக்கு 10 மீட்டர் இடைவெளியில் நட்ட மாமரம் ஒன்றின் விதான விட்டம் 6 மீட்டர் எனக் கொள்வோம். நிழற்பரப்பு சுமார் 28 சதுர மீட்டர், மரத்துக்குரிய நிலத்தில் 28 விழுக்காடு. ஒப்பீட்டு நீர்ச்செலவு நாளுக்கு 5 மி.மீ. என்றால், ஒரு சதுர மீட்டருக்கு 5 லிட்டராக, 100 சதுர மீட்டருக்கு 500 லிட்டர். முதிர்ந்த தோப்புக்குரிய 0.7 என்ற குணகத்தை அப்படியே பயன்படுத்தினால் மரத்துக்கு 350 லிட்டர் என்று வரும். அதே 0.7ஐ எடுத்து, நிலப்பரப்புக்குப் பதில் விதானப் பரப்பால் பெருக்கினால் 100 லிட்டர்தான் வரும். மர இடைவெளிகளை ஏற்கெனவே உள்ளடக்கிய குணகத்திலிருந்து அவற்றை மீண்டும் ஒருமுறை கழிக்கும் இப்பிழை, பரிந்துரைகளிலும் ஆய்வேடுகளிலும் தொடர்வது வருந்தத்தக்கது. நிழற்பங்கின் ஒன்றரை மடங்கைக் குணகமாகக் கொண்டால் 210 லிட்டர். மணிக்கு 8 லிட்டர் விடும் 4 சொட்டுவான்கள் உள்ள மரத்துக்கு இம்மூன்று விடைகளும் முறையே ஏறத்தாழ 11 மணி, 3 மணி, ஆறரை மணி நேரம் மோட்டார் ஓடுவதைக் குறிக்கின்றன. ஏக்கருக்கு 40 மரங்கள் என்ற கணக்கில், ஆழ்துளைக் கிணற்றின் ஊற்றும் மும்முனை மின்சாரம் கிடைக்கும் நேரமும் எத்தனை ஏக்கருக்குத் தாங்கும் என்பதை இந்த வேறுபாடே முடிவு செய்கிறது.

கோடையின் உச்சத்தில் இன்னொரு சிக்கல் எழுகிறது. தாழ்ந்த, சீரான புற்பரப்பைப் போலன்றி, உயர்ந்த சொரசொரப்பான விதானம் காற்றோடு நெருங்கிப் பிணைந்திருப்பதால், அதன் நீர்ச்செலவைக் கதிரவனின் ஆற்றலைவிட இலைத்துளைகளின் திறப்பே பெரிதும் கட்டுப்படுத்துகிறது. ஜார்விசும் மெக்நாட்டனும் 1986இல் இதைத் தெளிவாக விளக்கினர். வறண்ட காற்று வீசும் நாளில் எலுமிச்சை இனங்கள் துளைகளை ஓரளவு மூடிக்கொள்வதால், ஒப்பீட்டு நீர்ச்செலவு கூடும் அளவுக்கு மரத்தின் செலவு கூடுவதில்லை. பருவ நடுவின் குணகம் தொடக்கக் குணகத்தைவிடக் குறைவாக அட்டவணையில் தரப்பட்டிருப்பது இதனால்தான்.

ஆகவே கணிப்பைத் தோப்பிலேயே சரிபார்த்தாக வேண்டும். தண்டில் இரு ஊசிகளைச் செருகி, மேலூசியைச் சூடாக்கி, சாறு விரைந்து ஓடும்போது இரண்டுக்கும் இடையிலான வெப்ப வேறுபாடு குறைவதைக் கொண்டு ஓட்டத்தை அளக்கும் கிரானியே முறை (1985) ஆய்வாளர்க்குப் பயன்படும். ஆயினும் அதன் மூலச் சமன்பாடு பல மரங்களில் ஓட்டத்தைக் குறைத்தே காட்டுவதால், இனத்துக்கேற்பத் திருத்தாமல் அதன் எண்களை நம்பலாகாது. இலையின் நீர் இழுவிசையை அழுத்த அறையில் வைத்து அறியும் முறை பல பழமரங்களில் சிறந்தது. மாவிலோ காம்பில் வடியும் பால் அளவீட்டைக் குழப்புகிறது. விவசாயிக்கு எளிதில் எட்டுவது, வேர்ப்பகுதியிலும் அதற்குக் கீழும் என இரு ஆழங்களில் மண் ஈரத்தைப் பார்ப்பதே. கீழ் அடுக்கு பாசனத்துக்குப் பாசனம் நனைந்துகொண்டே போனால் நீர் வீணாகிறது, இரண்டும் காய்ந்துகொண்டே போனால் கணிப்பு குறைவு.

மரம் செலவிடக்கூடிய அளவும் மரத்துக்குக் கொடுக்க வேண்டிய அளவும் எப்போதும் ஒன்றல்ல என்பதையும் சேர்த்தே எண்ண வேண்டும். கிருஷ்ணகிரி போன்ற பகுதிகளின் மாந்தோப்புகளில் பூக்கும் பருவத்துக்கு முந்தைய இரண்டு மூன்று மாதங்கள் நீரை நிறுத்துவது வழக்கம். அப்போது பாசனம் செய்தால் பூவுக்குப் பதில் தளிர் விடும். பிஞ்சு பிடித்தது முதல் காய் திரள்வது வரை உள்ள காலமே முழுக் கணக்குக்கும் உரியது.

பழமரங்களின் பயிர்க் குணகத்தைத் தெரிவிக்கும் கட்டுரைகள் இனி நண்பகல் நிழற்பங்கு, மர உயரம், தரைமூடலின் நிலை, பாசனம் நனைத்த பரப்பு ஆகிய நான்கையும் அளந்த நாட்களோடு சேர்த்துத் தர வேண்டும் என்று இவ்விதழ் எதிர்பார்க்கிறது. அவை இல்லாத குணகத்தை, அது எத்தனை தசமப் புள்ளிகள் வரை துல்லியமாகத் தரப்பட்டிருந்தாலும், வேறொரு தோப்பில் பயன்படுத்த வழியில்லை.